மாமா தூக்கிய கை

சவுதியிலிருந்து நான் கடைசியாக ஊருக்கு வந்தபோது பெட்டியில் தைலம், சோப்பு, பாதாம், மகளுக்குக் கலர் பென்சில் எல்லாம் வழக்கம்போல இருந்தன. அவற்றுக்கு அடியில், இரண்டு கம்பளிக்கு நடுவே, ஒன்றரை முழ நீளத்தில் ஒரு ஹெலிகாப்டரும் இருந்தது. அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பேட்டரியில் ஓடுவது, ரிமோட்டில் பறப்பது. பொம்மைக்கும் அதற்கும் உள்ள தூரம், சைக்கிளுக்கும் புல்லட்டுக்கும் உள்ள தூரம்.

இன்னொன்றையும் கூடவே கொண்டுவந்தேன். அதை யாருக்கும் காட்டவில்லை. என் விசா கேன்சலாகிவிட்டது. பதினேழு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனி ஆட்களைக் குறைத்தது, குறைந்த ஆட்களில் நான் ஒருவன். வீட்டில் மூன்று மாத லீவு என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் கடலோரத்து முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் ஆனால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்துத் தங்கைக்கு ஒரு வீடு கட்டுவான், பிறகு மகளுக்கு ஒன்று கட்டுவான், நடுவில் லீவுக்கு லீவு பெண்டாட்டி வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போவான். அந்த இரண்டு மூன்று மாதமும் அவனுக்குக் கிடைக்கிற மரியாதை மந்திரிக்குக்கூடக் கிடைக்காது. மாப்பிள்ளை கேட்டதை இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளை சொன்னதை மறுத்துப் பேச மாட்டார்கள். மாப்பிள்ளை தப்புச் செய்தால் அது தப்பே இல்லை.

லீவு முடியாத மாப்பிள்ளைகளும் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். வேலை போய் வந்தவர், அப்புறம் போகவே இல்லை. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை பள்ளிவாசல் மதிலோரம் நிற்பார். அவர் தட்டில் விழுகிற மீன் துண்டு நடுத்துண்டிலிருந்து வால்துண்டாகிவிட்டது என்று நாங்கள் கேலி பேசுவோம். அந்தக் கேலியை முதலில் ஆரம்பித்தது நான்தான். அதனால்தான் எனக்கு அத்தனை பயம்.

என் கணக்கு இதுதான். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல் வயல்களுக்கு இப்போது ட்ரோனில்தான் மருந்தடிக்கிறார்கள். ஓட்டத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. சவுதியில் எங்கள் ரூமில் இருந்த ஒருவன் வெள்ளிக்கிழமைதோறும் வெளியே போய் ஹெலிகாப்டர் பறக்கவிடுவான், அவன் சொல்வான், ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்தவனுக்கு ட்ரோன் எல்லாம் தூக்கத்தில் வரும் என்று. மூன்று மாதத்தில் இதைப் பழகி, அங்கே போய் வேலையில் சேர்ந்துகொண்டு, பிறகு வீட்டில் வாயைத் திறக்கலாம். வேலை போய்விட்டது என்று சொல்லாமல், வேலையை மாற்றிக்கொண்டேன் என்று சொல்லலாம். மகளோடும் மனைவியோடும் ஒரே வீட்டில், பெட்டியைக் கட்டாமல், மற்ற ஆண்களைப்போல இருந்துவிடலாம். அதற்காகத்தான் அந்த ஹெலிகாப்டர். வேறு எதற்காகவும் இல்லை.

முதல் நாள் விடிந்ததும் உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற பொட்டலுக்குத் தனியாகக் கிளம்பினேன். வாசலில் மாமா நின்றிருந்தார். என் மனைவியின் வாப்பா. அறுபத்தெட்டு வயது, சங்கு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. ஜமாஅத்தில் அவர் எழுந்து நின்றால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, இன்னொரு கையில் டீ ஃபிளாஸ்க்.

“தனியாப் போறீங்களே மாப்புள. நானும் வாரேன்” என்றார்.

“வேண்டாம் மாமா, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றேன்.

“சிரமம் என்ன மாப்புள” என்று சொல்லி நடக்க ஆரம்பித்துவிட்டார். நாற்காலி எனக்காக இருக்கும் என்று நினைத்தேன், எனக்காகத்தான். நான் நின்றுகொண்டு ஓட்ட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அவர் அதில் உட்கார்ந்தார். அதுவும் நுனியில்.

ஹெலிகாப்டர் பழகுவது எவ்வளவு கேவலமான காரியம் என்று அன்றைக்குத் தெரிந்தது. ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது கையில் ஏற்ற இறக்கமும் வாலைத் திருப்புவதும், வலது கையில் முன்னே பின்னே இடது வலது. நான்கையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்ற மூன்றும் கெட்டுப்போகும். இறக்கை சுற்ற ஆரம்பித்தது, மண் கிளம்பியது, நான் குச்சியை ஏற்றினேன், அது ஒரு சாண் எழும்பி, பக்கவாட்டில் சாய்ந்து, தரையில் தன்னைத்தானே அடித்துக்கொண்டு இரண்டு இறக்கையையும் ஒடித்துக்கொண்டது. மொத்தம் நான்கு நொடி இருக்கும்.

“மாஷா அல்லாஹ்” என்றார் மாமா. “நல்லா கெளம்புச்சு மாப்புள. காத்துதான் சரியில்ல.”

காற்றே இல்லை. வெள்ளைக் கைலி அசையாமல் கிடந்தது.

மறுநாள் இரண்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நான்கு முனையிலும் வலையில் கட்டுகிற மிதவைகளைச் செருகி, ஹெலிகாப்டரின் காலோடு சேர்த்துக் கட்டினேன். அப்படிக் கட்டினால் சீக்கிரம் கவிழாது. பார்க்கச் சகிக்காது, ஆனால் புதிதாகப் பழகுகிறவனுக்கு அதுதான் கைத்தடி. அதன் வால் என் பக்கம், மூக்கு கடல் பக்கம். வாலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது முதல் பாடம். அது இடப்பக்கம் போனால் நமக்கும் இடப்பக்கம், குழப்பமில்லை. முதல் வாரம் தரையில் தவளைபோலத் தத்தித் தத்திப் போனது. இரண்டாம் வாரம் முழங்கால் உயரம். மூன்றாம் வாரம் இடுப்பு உயரத்தில், ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குள் பத்து நொடி நின்றது.

மாமா ஒரு நாளும் தவறாமல் வந்தார். வெயில் ஏறியதும் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று கிளம்புகிற வரை இருப்போம். நின்றாலும் மாஷா அல்லாஹ், விழுந்தாலும் மாஷா அல்லாஹ். விழுந்ததற்கு ஒரு நாள் காற்று காரணம், ஒரு நாள் பேட்டரி, ஒரு நாள் கண்ணூறு. நான் காரணமாக இருந்ததே இல்லை. சில நாள் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, “கம்பெனி எப்படிப் போகுது மாப்புள?” என்பார். “நல்லாப் போகுது மாமா” என்பேன். “மனசுல ஏதும் வச்சுக்காதீங்க மாப்புள, நம்ம வீடு” என்பார். கிழவருக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். முதலில் அவர் வருவது எரிச்சலாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. ஊரே எழுந்து நிற்கிற மனிதர் எனக்காக நாற்காலியைச் சுமந்து நடப்பதில் ஒரு சுகம் இருந்தது. நான் வேண்டுமென்றே கொஞ்சம் முன்னால் நடப்பேன்.

வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் திரும்பி வரும்போது மாமி வாசலில் நிற்பார். “மாப்புள இன்னிக்கு ரொம்ப நேரம் பறக்கவிட்டாக” என்று மாமா அறிவிப்பார். ஆட்டுக்கால் சூப் வரும். ஒன்பது வயது மகள் மட்டும் ஒரு நாள் படியில் உட்கார்ந்து கேட்டாள்.

“இன்னிக்கும் விழுந்துச்சா வாப்பா?”

மாமி அவள் தொடையைப் பிடித்துத் திருகினார். பிள்ளையின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அவள் கேட்டது சரியான கேள்வி, அன்றைக்கு மூன்று முறை விழுந்திருந்தது. நான் சூப்பைக் குடித்தேன். அவளுக்குக் கிடைத்தது நன்றாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதை இப்போது எழுதும்போது கூசுகிறது, ஆனால் அப்போது கூசவில்லை.

இரண்டு மாதம் இப்படியே போனது. தினமும் புகழ்ந்தால் யாருக்கும் தலைக்கேறும், எனக்கு ஏறியது. மிதவையைக் கழற்றிவிட்டேன். ஒரு நாள் நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பஸ் ஏறினேன்.

மருந்தடிக்கும் ட்ரோனை வாடகைக்கு விடுகிறவர் என்னைவிட இளையவர், முப்பதுக்குள் இருக்கும். கண்மாய்க் கரையில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். கூட இரண்டு வேலையாட்கள். மழைக்கு முந்தைய காலம், வயல் எல்லாம் காய்ந்து கிடந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு சின்ன ட்ரோனை எடுத்துத் தரையில் வைத்தார்.

“இது தானாவே நிக்கும் பாய். அந்த வசதிய அமத்தி வச்சிருக்கேன். ஒங்க கையால நிப்பாட்டிக் காட்டுங்க.”

வால் என் பக்கம் இருக்க, நிறுத்திக் காட்டினேன். நன்றாகவே நின்றது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவர், “இப்பத் திருப்புங்க. மூக்கு ஒங்களப் பாக்கட்டும்” என்றார்.

அதை நான் பழகியதே இல்லை. மூக்கு நம்மைப் பார்த்தால் எல்லாமே தலைகீழ். அதன் இடது நமக்கு வலது. நம் வலப்பக்கம் சாய்கிறதே என்று குச்சியை இடப்பக்கம் தள்ளினால், இன்னும் வேகமாக வலப்பக்கமே ஓடும். திருப்பினேன். சாய்ந்தது. திருத்தினேன். அது நேராகச் சீமைக்கருவேல முள்ளுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது.

வேலையாள் ஒருவன் முள்ளுக்குள் கையை விட்டு எடுத்தான். “ஏலே, பாத்து எடு” என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். “எங்கன பழகுனீக பாய்?”

“கடக்கரையில. ரெண்டு மாசமா. எல்லாரும் நல்லா ஓட்டுறேன்னுதான் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாரு?”

“மாமனார் வீட்டுல.”

அவர் சிரித்தார். வேலையாட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். முள்ளுக்குள் கையை விட்டவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

“மாமனார் வீட்டுல சொல்லத்தான் செய்வாக பாய். வயக்காட்டுல மருந்தக் கொண்டுபோன ட்ரோனு திரும்பி வரும்போது மூக்கு ஒங்களத்தான் பாக்கும். வரப்புல ஆளு நிப்பாக. இதப் பழகாம ஒங்க கையில நான் எப்படிக் குடுக்க? ஒரு மாசம் தாரேன். பழகிட்டு வாங்க, ஐப்பசியில சேத்துக்கிறேன்.”

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். அந்த ஆள்மேல் இல்லை. மாமாமேல். இரண்டு மாதம் பொய்யாகப் புகழ்ந்து என்னை மூன்று பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டார். காற்றாம், கண்ணூறாம். ஒரு நாள் ‘மாப்புள, இது சரியில்ல’ என்று சொல்லியிருந்தால் வாயா சுட்டுவிடும். எனக்கு லீவில் ஒரு மாதம்தான் மிச்சம் இருந்தது, அதாவது என் பொய்க்கு ஒரு மாதம்தான் ஆயுள். பஸ்ஸில் இருக்கும்போதே எனக்கு ஒரு யோசனை வந்தது.

மறுநாள் காலை பொட்டலில், மாமா வழக்கம்போல நாற்காலியை எனக்குப் பின்னால் போட்டார். ரிமோட்டை வாங்கும்போதே முதலில் சொல்லித்தருவது அதுதான். எல்லோரும் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும், முன்னால் ஒரு ஈ குஞ்சுகூட இருக்கக்கூடாது.

“இங்கன வேண்டாம் மாமா. அங்கன போய் உக்காருங்க” என்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். முப்பது தப்படி தூரம். நடுவில் ஹெலிகாப்டர்.

மாமா ஹெலிகாப்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார்.

“மூக்கு என் பக்கம் இருக்கும் மாமா. ஒங்களுக்கு வால் தெரியும். ஒங்களுக்கு எந்தப் பக்கம் சாயுதோ அந்தக் கையைத் தூக்குங்க. வலது பக்கம் சாஞ்சா வலது கை, எடது பக்கம் சாஞ்சா எடது கை.”

“சரி மாப்புள.”

அவர் வலது கையைத் தூக்கினால் நான் குச்சியை இடப்பக்கம் தள்ள வேண்டும். அவ்வளவுதான் கணக்கு, நான் யோசிக்க வேண்டியதே இல்லை, அவர் கை எனக்காக யோசிக்கும். ஜமாஅத்தே அடங்கி உட்கார்கிற மனிதர் டிராபிக் போலீஸ்காரர் மாதிரி பொட்டல் வெளியில் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார். உப்பளத்துக்குப் போகும் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் ஏறி வாங்கி வந்த அவமானத்தில் கொஞ்சம் இறங்கியதுபோல இருந்தது. ஏன் இப்படி என்று அவர் கேட்கவில்லை. ஆபத்து இல்லையா என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை சொன்னால் செய்ய வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் உட்கார வைத்தேன்.

ஐந்து நாளில் பலன் தெரிந்தது. எதிர்மூக்கில், அதாவது மூக்கு என்னைப் பார்த்தபடி, ஐந்து நொடி நின்றது, பிறகு எட்டு. ஒரு நாள் அவர் கையைத் தூக்குவதற்கு முன்பே என் விரல் போய்விட்டது. ஆறாவது நாள் அவருக்கு லேசான காய்ச்சல் என்று மாமி சொன்னார். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை, நின்றேன். மாமா உள்ளே இருந்து நாற்காலியோடு வந்தார்.

அன்றைக்குக் கச்சான் நேரத்தோடு கிளம்பிவிட்டது. காய்ச்சல்காரரை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு பேட்டரி என்று ஆரம்பித்தேன். இடுப்பு உயரத்தில் நின்றது. அவருக்குப் பின்னாலிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. ஹெலிகாப்டர் அவருக்கு வலப்பக்கமாகச் சாய்ந்து, என்னை நோக்கி வர ஆரம்பித்தது. மாமா வலது கையைத் தூக்கினார். நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை. சத்தம்போட்டுக்கொண்டு என் நெஞ்சுக்கு நேராக வருகிற இறக்கையைத்தான் பார்த்தேன். குச்சியை முழுதாகப் பின்னுக்கு இழுத்தேன்.

எதிர்மூக்கில் வருகிற ஹெலிகாப்டரை நிறுத்த அதைத்தான் செய்ய வேண்டும். அன்றைக்குத்தான் என் விரல் யோசிக்காமல் சரியான பக்கம் போனது. இழுத்தவன் விடவில்லை. அது என்னை விட்டுவிட்டு வாலை முன்னால் போட்டுக்கொண்டு மாமாவை நோக்கிப் போனது. அவர் எழவில்லை. இறக்கச் சொல்லாத கையை இறக்கவும் இல்லை. தூக்கியது தூக்கியபடி இருந்த வலது கையில் அடித்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்து மண்ணைக் கிளறிக்கொண்டு கிடந்தது.

நான் ஓடினேன். ஓடி, முதலில் ஹெலிகாப்டரைப் பிடித்து பேட்டரியைப் பிடுங்கினேன். அதுதான் முறை, மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் ஆபத்து என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் பிடுங்கிய பிறகும் அதைத் திருப்பி வாலைப் பார்த்தேன், இறக்கையைப் பார்த்தேன், கண்ணாடிக் கூட்டைத் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மாமாவைப் பார்த்தேன். அவர் புறங்கையைக் கைலியில் அழுத்திப் பிடித்திருந்தார். வெள்ளைக் கைலி நனைந்துகொண்டிருந்தது.

“பொருளுக்கு ஒன்னும் ஆகலையே மாப்புள?” என்றார்.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “தகரம் கிழிச்சிருச்சு” என்றார் மாமா. சுட்டுவிரலைத் தூக்குகிற நரம்பு அறுந்துவிட்டது, சேர்த்துத் தைத்திருக்கிறோம், வயதாகிவிட்டதால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் மகன் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானம் எனக்கு நெய்மீன் நடுத்துண்டு வைத்தார்கள். அடுத்த அறையில் மாமாவுக்கு மாமி சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டரை யாரோ ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது. மகள்கூட எதுவும் கேட்கவில்லை. என்னைக் கண்டால் எழுந்து உள்ளே போனாள்.

நான்கு நாள் கழித்து, மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே என் மனைவி பேசினாள்.

“மச்சான், விசா வந்திருக்கு. கத்தாரு. அங்க இருக்குற எங்க சின்ன மாமா எடுத்திருக்காங்க. இன்னும் மூணு வாரத்துல போகணும்.”

“எனக்கு எதுக்கு வேற விசா? லீவு முடிஞ்சா கம்பெனி இருக்கு” என்றேன்.

அவள் துணியை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்க கேன்சல்ல வந்தது, வந்த மூணாம் நாளே தெரியும். ஒங்க ரூம்ல இருந்தவரு பொண்டாட்டி எனக்குப் போன் பண்ணுனா.”

“மாமாவுக்கு?”

“அவங்களுக்கும் தெரியும். பின்ன தெனமும் நாக்காலியத் தூக்கிக்கிட்டு வேடிக்க பாக்கவா வந்தாக? நீங்களா சொல்லுவீகன்னு வந்தாக. வீட்டுல பொம்பளைக இருக்கோம், மாப்புள கூச்சப்படுவாக, தனியா இருந்தா வாயத் தொறப்பாகன்னு சொல்லித்தான் தெனமும் போனாக. அன்னைக்குக் காச்சலோட போக வேண்டாம்னு உம்மா அழுதாங்க. இன்னிக்குச் சொன்னாலும் சொல்லுவாகன்னு போனாக.”

“கேட்டிருக்கலாமே.”

“மாப்பிள்ளைட்ட எப்படிக் கேப்பாக?”

காற்றில் ஈரத்துணி என் முகத்தில் வந்து அடித்தது. அதை விலக்கிவிட்டு, நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். ஆர்.எஸ்.மங்கலத்தில் பேசி வைத்திருக்கிறேன், எதிர்மூக்கு வந்துவிட்டது, ஐப்பசியில் சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். நான் கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“வாப்பா கை போனதுல பழகுன வேலை” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அத வச்சு இந்த வீட்டுல நீங்க சாப்பிட, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? போயிருங்க மச்சான். லீவுல வாங்க. லீவுல வந்தா மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டியது எல்லாம் செய்வோம், ஒரு கொறையும் இருக்காது.”

அன்று மாலையே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அது நான் கட்டிக்கொடுத்த வீடு. தரைக்கு எந்தக் கல் என்று போனில் ஒரு மணி நேரம் பேசி நான் தேர்ந்தெடுத்தது. வாசலில் அவள் புருஷன் செருப்பு கிடந்தது. தங்கச்சி ஓடி வந்து, விருந்தாளிக்கு எடுக்கிற கண்ணாடி டம்ளரில் சர்பத் கொண்டுவந்தாள்.

“எத்தன நாள் லீவு இருக்கு காக்கா? மெதுவாப் பேசுங்க, மேல அவங்க தூங்குறாங்க.”

“ஒரு பத்து நாள் இங்க இருக்கட்டுமா?”

அவள் சிரித்துவிட்டாள். “மாமி வீட்டுல கோவமா? போங்க காக்கா. மாப்பிள்ளைய யாராச்சும் வெளிய விடுவாங்களா?” பிறகு நான் சிரிக்காததைப் பார்த்து டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் வரவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மாமாவும் நானும் ஒன்றாக நடந்து போனோம். தையல் பிரித்தாகிவிட்டது. வீட்டிலிருந்து பள்ளிவாசல் ஐந்து நிமிஷ நடை. அந்த ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். மாமா, நான் கேன்சலில்தான் வந்தேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டே வாக்கியம். அவர் நடையைக் குறைத்தார், எனக்காகத்தான் குறைத்தார் என்று தெரிந்தது. மதில் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

தொழுகையில் அவர் என் இடப்பக்கம் இருந்தார். கடைசி இருப்பில், வலது கையை முழங்கால்மேல் வைத்து, அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லிச் சுட்டுவிரலை நிமிர்த்தும் இடம் வந்தது. என் விரல் நிமிர்ந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவருடைய புறங்கையில் தோல் கொஞ்சம் அசைந்தது. விரல் எழவில்லை. மறுபடி அசைந்தது. சலாம் கொடுக்க இடப்பக்கம் திரும்பியபோது அவரும் திரும்பியிருந்தார், பின்தலை மட்டும் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

வெளியே செருப்பு மாட்டும்போது, மாமாவோடு சங்கு வியாபாரத்தில் இருந்த ஒருவர் வந்து சலாம் சொன்னார். கையைப் பார்த்து விசாரித்தார். தகரம் என்றார் மாமா. பிறகு வந்தவர் என் பக்கம் திரும்பி, “மாப்பிள்ளைக்கு லீவு முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

“முடிஞ்சிருச்சு” என்றார் மாமா. “நாங்கதான் இன்னும் ஒரு மாசம் இருங்க மாப்புளன்னு கெஞ்சுறோம். கேக்க மாட்டேங்கிறாக.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“கம்பெனில விட மாட்டேங்குறாங்க” என்றேன்.